நிலத்துக்குக் கீழே ஒரு மாடி

உ
மிச்சம், லண்டன்
14.09.2003

அன்பான மலர் அக்காவுக்கு,

இங்கே நானும் இவரும் மகள் றொஷானியும் சுகம். அங்கே நீங்களும் அத்தானும் மிதுஷாவும் அப்படியே இருக்க வேண்டும் என்று நல்லூரானை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ரெலிபோனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். கார்ட் முடிகிற அவசரத்தில் நீங்கள் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, போன முறை போலச் சண்டையில் முடியும். கடிதம் என்றால் நாக்கைக் கடித்துக்கொள்ள நேரம் இருக்கிறது.

அக்கா, நாங்கள் வீடு வாங்கிவிட்டோம். எங்கள் கடைக்கு மேலே குடியிருந்தது போதும் என்று இவர் சொல்லிவிட்டார். கிரிக்கெற் விளையாடுகிற புல்வெளிக்குக் கிட்ட, ட்ராம் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. இருநூறு வருசத்துக்கு மேற்பட்ட ஜோர்ஜியன் வீடு. முன்பிருந்தவர்கள் அறை அறையாக வாடகைக்கு விட்டுப் பாழாக்கி வைத்திருந்தார்கள், கூரை ஒழுகுகிறது. அதனால்தான் எங்கள் கைக்கு எட்டியது. ஆனால் முகப்பை நீங்கள் பார்க்க வேண்டும். நடுவில் கதவு. இந்தப் பக்கம் எத்தனை யன்னலோ அந்தப் பக்கமும் அத்தனை. கதவுக்கு மேலே விசிறியை விரித்து வைத்தது போலக் கண்ணாடி. உள்ளே ஒரு கல் படிக்கட்டு, தாங்க ஒரு தூண் கிடையாது. ஒவ்வொரு படியும் ஒரு நுனியைச் சுவருக்குள் கொடுத்துவிட்டு அந்தரத்தில் நிற்கிறது. முதல் நாள் ஏறவே எனக்குக் கால் கூசியது. சீலிங்கில் சுண்ணாம்பாலே கொடியும் பூவும் செய்திருக்கிறார்கள். அரசாங்கம் லிஸ்ட் பண்ணின வீடு, கிரேட் இரண்டு என்று லோயர் சொன்னார்.

கார்த்திகையில் குடிபூரல். நீங்கள் வந்துதான் பால் காய்ச்ச வேண்டும். அம்மா இல்லாத இடத்தில் நீங்கள்தானே.

மிதுஷாவுக்கு என் கொஞ்சல்.

அன்புத் தங்கை
ரஜனி


உ
எஸ்ஸன், ஜேர்மனி
03.10.2003

தங்கை ரஜனிக்கு,

உன் கடிதம் கண்டோம். அத்தான் பாண் பேக்கரியில் இரவு வேலை, பகலில் நித்திரை, ஆள் சுகம். மிதுஷாவும் சுகம். எனக்குத்தான் கொஞ்சம் வயிற்றெரிச்சல். உன் கடிதம் வந்த அன்று தொடங்கியது. முதல் நாள் சாப்பிட்ட கணவாய்க் கறியாக இருக்கும்.

வீடு வாங்கியதில் எங்களுக்கு மிக மிக மகிழ்ச்சி. அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "ஜோர்ஜியாக்காரன் கட்டினதோ?" என்று கேட்டார். ஜோர்ஜ் என்ற பெயரில் இங்கிலாந்தில் வரிசையாக ராசாக்கள் இருந்தார்கள், அவர்கள் காலத்து வீடு என்று விளக்கினேன். ஆங்கிலமும் சரித்திரமும் ஒழுங்காகப் படித்தவள் அல்லவா நான்? ஊரில் யாராவது யாரையாவது மாட்டிவைக்கப் பெயர் போடாமல் மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுத வேண்டுமென்றால் நம் வீட்டுப் படலையைத்தான் தட்டுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? விதானையார் மேல் பெட்டிசம், சங்கக் கடை மனேச்சர் மேல் பெட்டிசம், ஒருமுறை பெரியப்பா மேலேயே பெட்டிசம். எல்லாம் இந்தக் கையெழுத்துதான். ஆங்கிலம் படித்தவள் ஜேர்மனியில் முதியோர் இல்லத்துக் குசினியில் தட்டுக் கழுவுகிறாள். ஆங்கிலத்தில் கோட்டை விட்டவள் இங்கிலாந்தில் ராசா காலத்து வீடு வாங்குகிறாள். தலையெழுத்து யாருடைய கையெழுத்தோ!

லிஸ்ட் என்கிறாயே, இடிக்கிற லிஸ்ட் இல்லையே? விசாரித்துத்தான் வாங்கினீர்களா? அதிலும் கிரேட் இரண்டு என்கிறாய். முதலாம் தரம் முடிந்துவிட்டதா?

அந்தக் காலத்து வீடென்றால் நிலத்துக்குக் கீழேயும் ஒரு மாடி இருக்கும். இங்கே அதைச் சூத்தரேன் என்பார்கள். ஈரம் பிடிக்கும், கவனம். உன் வீட்டில் சூத்தரேன் இருந்தால் அதை என்ன செய்யப் போகிறீர்கள்?

மிதுஷா அடுத்த கோடையில் பள்ளிக்கூடம் முடிக்கிறாள். லண்டனில்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஜேர்மன் பாஸ்போர்ட் எடுத்த நம் ஆட்களெல்லாம் அங்கேதான் மூட்டை கட்டுகிறார்கள். நாங்கள் யாரை நம்பி வருவது? சும்மா சொன்னேன்.

குடிபூரலுக்கு வருகிறோம். உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா
சிவமலர்


உ
மிச்சம்
26.10.2003

அன்பான அக்கா,

வயிற்றுக்கு இப்போது எப்படி? சீரகத் தண்ணீர் குடியுங்கள். நாங்கள் தூசி தின்றுகொண்டு சுகமாக இருக்கிறோம்.

முதலில் ஒரு விண்ணப்பம். அந்தச் சூத்தரேன் என்ற சொல்லைத் தயவுசெய்து தமிழில் எழுதாதீர்கள். உங்கள் கடிதங்களை றொஷானிதான் எழுத்துக் கூட்டி எனக்கு வாசிப்பாள், தமிழ்ப் பள்ளிக்கூட ரீச்சர் சொன்ன பயிற்சி. அந்த இடம் வந்ததும் "அம்மா, பெரியம்மா கெட்ட வார்த்தை எழுதியிருக்கிறா!" என்று கத்தினாள். பிறகு தரையில் உருண்டு உருண்டு சிரித்தாள். இப்போது நாங்கள் வீட்டுக்குள்ளே அதை அப்படித்தான் சொல்கிறோம். வெளியாட்கள் முன்னால் மட்டும் பேஸ்மன்ட்.

ஓம், இருக்கிறது. வெள்ளைக்காரத் துரை குடும்பம் மேலே இருக்க, வேலைக்காரர் கீழே சமைத்த இடம். இந்த வீட்டு யன்னல்களைப் பார்த்தாலே யார் பெரியவர், யார் சின்னவர் என்று தெரியும். முதலாம் மாடி துரைமாருக்கு, அதனால் யன்னல் ஆளுயரத்துக்கு மேல். அதற்கு மேல் மாடி பிள்ளைகளுக்கு, கொஞ்சம் சின்னன். கூரைக்குக் கீழே வேலைக்காரப் பெண்கள் படுக்கிற இடத்தில் அரை யன்னல். ஒவ்வொரு கண்ணாடிச் சட்டத்துக்கும் சுவருக்குள்ளே கயிற்றில் இரும்புக் குண்டு தொங்குகிறது. குண்டு இறங்கினால் கண்ணாடி ஏறும், நம் கிணற்றுத் துலா வேலைதான். மேல் அறைகளில் கைபிடியை இழுத்தால் கம்பி வழியாகக் கீழே குசினியில் மணி அடிக்குமாம். மணிகள் இன்னும் வரிசையாகத் தொங்குகின்றன, இவர் இழுத்துப் பார்த்தார், ஒன்று மட்டும் அடித்தது.

இன்னொன்று கேளுங்கள். மேல் மாடி யன்னல்களில் ஒன்று பொய். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகச் செங்கல்லின் மேலே கண்ணாடி போலக் கறுப்பு மை பூசி வைத்திருக்கிறார்கள். கண்ணூறு படாமல் இருக்க அதுவே போதும் என்கிறார் இவர்.

லிஸ்ட் என்றால் இடிக்கிற லிஸ்ட் இல்லை, இடிக்கவே கூடாத லிஸ்ட். கவுன்சிலைக் கேட்காமல் ஒன்றையும் மாற்ற முடியாதாம்.

மற்றவை நேரில்.

ரஜனி


உ
எஸ்ஸன்
09.12.2003

தங்கை ரஜனிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். கப்பல் ஆட்டத்தில் அத்தானுக்கு ஒரே சத்தி, வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. எனக்கு வயிற்றெரிச்சல் கூடிவிட்டது. டொக்டர் குளிசை தந்திருக்கிறார், காலையும் மாலையும்.

குடிபூரல் நன்றாக நடந்தது. ஊர் உலகமெல்லாம் உன் படிக்கட்டில் ஏறி இறங்கியதைப் பார்த்தேன். அப்டன் பார்க்கில் இருந்து வந்த யாரோ ஒரு அம்மா, "நீங்கள்தான் ரஜனியின்ரை அக்காவோ?" என்று கேட்டார். இத்தனை காலமும் உன்னைத்தான் "மலரின்ரை தங்கச்சி" என்பார்கள். நான் ஓம் என்று சொல்லிவிட்டுப் பாயசத்தைக் குடித்தேன். இனிப்புக் கொஞ்சம் கூட.

பால் பொங்கி உன் மாபிள் அடுப்படியில் ஊற்றுண்டதற்குக் குறை நினைக்காதே. கணப்பு அடுப்புக்கு முன்னால் காஸ் அடுப்பை வைத்தது உன் மனுசன் யோகராஜாதான். பால் கிழக்கே வழிந்தது, நல்ல சகுனம். என் கை நடுங்கியது உண்மைதான். அத்தனை உயர யன்னல்களால் வெளிச்சம் வந்து கண்ணில் விழுந்தால் யாருக்குத்தான் நடுங்காது?

உண்மையைச் சொல்கிறேன். அந்த அறையில் நிற்கும்போது, இது எனக்கு வந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். நான் போட்டுக் கழித்த சட்டையைப் போட்டு வளர்ந்தவள் நீ. இங்கே நாங்கள் கூரைக்குக் கீழே இருக்கிறோம், தலை இடிக்காமல் நிமிர ஓர் இடம்தான் உண்டு. உன் வீட்டுக் கணக்குப்படி அது வேலைக்காரப் பெண்கள் படுக்கிற இடம்.

போகும்போது கேட்டேன், கீழே உள்ளதை என்ன செய்வாய் என்று. "சாமான் போடுவம் அக்கா" என்றாய். அவ்வளவு பெரிய இடம் சாமானுக்கு. சரி, உன் வீடு, உன் சாமான்.

மிதுஷா உன்னை மறக்கவில்லை. சித்தி, சித்தி என்று ஒரே புராணம்.

அக்கா
சிவமலர்


உ
மிச்சம்
25.01.2004

அன்பான அக்கா,

பொங்கல் நன்றாகப் போனதா? குளிசை கேட்கிறதா? மோர் குடியுங்கள், உறைப்பைக் குறையுங்கள்.

பதில் பிந்திவிட்டது. வீட்டில் வேலையாட்கள். ஒரே அடிதடிச் சத்தம், கையெழுத்து நடுங்குவதற்கும் அதுதான் காரணம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். றொஷானியை வாசிக்க விடவில்லை. சட்டைக் கதைக்குப் பதில் எழுதத் தொடங்கி, கிழித்துப் போட்டேன். பிறகு பார்ப்போம்.

ஒன்று கேட்க வேண்டும். மிதுஷாவுக்கு அந்தத் தொய்வு வருத்தம் இன்னும் இருக்கிறதா? குளிர் காற்றுப் பட்டால் மூச்சு இழுக்குமா? யன்னல் நீக்கலால் வருகிற காற்றும் அவளுக்கு ஆகாதா? அத்தான் பகலில் படுப்பதற்கு அறை எவ்வளவு இருட்டாக இருக்க வேண்டும்? சும்மா அறியத்தான் கேட்கிறேன்.

அத்தானுக்கு எங்கள் வணக்கம்.

ரஜனி


எஸ்ஸன்
22.02.2004

ரஜனிக்கு,

நாங்கள் சுகம். மிதுஷாவின் தொய்வு அப்படியேதான் இருக்கிறது. கூரைக்குக் கீழே வளர்கிற பிள்ளைக்கு வேறென்ன வரும்? எங்கள் வீட்டில் குளிர் எவ்வளவு, இருட்டு எவ்வளவு என்று நீ விசாரித்து எழுதியதை அத்தானுக்குக் காட்டவில்லை. இருப்பவர்கள் இல்லாதவர்களைப் பார்த்துச் சுகம் விசாரிக்கிற விதமே தனி.

லண்டனுக்கும் இங்கேயும் வான் ஓடுகிற நம் ஊர் ஞானேஸ்வரன் இங்கே ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தார். உன் வீட்டுக்கும் வந்தாராமே. "மலரக்கா, உங்கட தங்கச்சி கீழ் வீட்டை வலு வடிவாச் செய்யிறா. தனிக் குசினி, தனி பாத்ரூம், பிளாஸ்டிக் யன்னல், ரெட்டைக் கண்ணாடி. வாடகைக்கு விடப் போயினம் போல" என்றார். சபையில் எல்லோரும் கேட்டார்கள். எனக்குத் தெரியும் என்பது போலத் தலையாட்டினேன். சாமான் போடத்தானே என்றாய்? சாமானுக்குக் குளிக்கிற அறை எதற்கு?

யாரோ ஊர் பேர் தெரியாதவனுக்கு விடுவாய். கூடப் பிறந்தவளின் பிள்ளை ஒற்றைக் காலில் நிற்பது உன் கண்ணில் படாது. நல்லது.

கவுன்சிலைக் கேட்காமல் ஒன்றும் மாற்ற முடியாது என்று எழுதியிருந்தாய். கேட்டுத்தான் செய்கிறீர்களா? உங்கள் பக்கத்துக் கவுன்சிலின் பெயர் என்ன? வேண்டாம், விடு. நானே பார்த்துக்கொள்கிறேன்.

சிவமலர்


உ
மிச்சம்
17.04.2004

அன்பான அக்கா,

சித்திரை வருசம் உங்கள் எல்லோருக்கும் நன்மையைக் கொண்டுவரட்டும். நாங்கள் உடம்பால் சுகம்.

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத நினைத்தேன். இவர்தான் "பொறு, முடிச்சுப்போட்டுச் சொல்லுவம்" என்று தடுத்தார். இனி முடிவதற்கு ஒன்றும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பங்குனி கடைசியில் கவுன்சிலில் இருந்து கத்தரின் என்ற பெண் வந்தார். பழைய வீடுகளைப் பார்க்கிற அதிகாரி. கையில் டோர்ச், காலில் சேறு, நல்ல மரியாதை. யாரோ தங்களுக்கு எழுதியிருக்கிறார்கள், யார் என்று சொல்லக் கூடாது என்றார். நம் ஆட்களுக்குள்ளே கடைப் போட்டிக்காரர் யாரும் போட்ட பெட்டிசமாக இருக்கும் என்று நினைத்தேன். மேலெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, "உங்கள் சூத்தரேனை நான் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

அக்கா, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. றொஷானி வாயைப் பொத்திக்கொண்டு படியில் ஏறி ஓடிவிட்டாள். இங்கே எல்லோரும் பேஸ்மன்ட் என்கிறார்கள், நீங்கள் ஏன் இந்தச் சொல்லைச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "எழுதியவர் அப்படித்தான் எழுதியிருந்தார். இந்த நாட்டில் யாரும் வீட்டுக்கு அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. நல்ல ஆங்கிலம், அழகான கையெழுத்து" என்றார்.

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

கேட்காமல் செய்தது எங்கள் பிழைதான். கீழ் மாடிதானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று இவர் நினைத்துவிட்டார். பிளாஸ்டிக் யன்னல்களைக் கழற்றிப் பழைய மரச் சட்டங்களைத் திருப்பிப் போட வேண்டும். நல்ல காலம், அவற்றை எறியாமல் பின்வளவில் வைத்திருந்தோம். சுவருக்குப் பூசிய சீமெந்தை உடைத்துச் சுண்ணாம்பு பூச வேண்டும். பழைய சுவர் மூச்சு விட வேண்டுமாம். குசினி, பாத்ரூம் எல்லாம் பிடுங்க வேண்டும்.

இனிச் சொன்னால் என்ன. அது வாடகைக்கு இல்லை அக்கா. உங்களுக்கும் அத்தானுக்கும் மிதுஷாவுக்கும். முதலே சொன்னால் "தங்கச்சி வீட்டுக்குக் கீழே நான் இருக்கிறதோ?" என்று மறுத்துவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? செய்து முடித்து, திறப்பைக் கையில் வைத்துவிட்டால் பிள்ளைக்காக வருவீர்கள் என்று நினைத்தேன். முன்னால் இரும்பு வேலிக்குள் படியிறங்கினால் தனி வாசல் இருக்கிறது, எங்களைத் தாண்டிப் போக வேண்டிய தேவையே இல்லை. மிதுஷாவின் மூச்சுக்காகத்தான் இரட்டைக் கண்ணாடி. அத்தானின் பகல் நித்திரைக்காக ஓர் அறையில் யன்னலின் பழைய மரக் கதவுகளைப் பழுது பார்த்தோம், சாத்தினால் கும்மிருட்டு. மணிகளையும் கழற்றச் சொன்னேன், நீங்கள் ஏதும் நினைப்பீர்கள் என்று. அதையும் திருப்பி மாட்டச் சொல்லிவிட்டார் கத்தரின்.

இன்றைக்கு யன்னல் கழற்றுகிறார்கள். அந்தச் சத்தத்தில்தான் எழுதுகிறேன்.

வயிற்றெரிச்சல் இப்போது குறைந்ததா?

ரஜனி


உ
மிச்சம்
06.06.2004

அன்பான அக்கா,

இன்னும் பதில் இல்லை. சுகமில்லையோ என்று யோசனையாக இருக்கிறது. உங்கள் பக்கத்து ஹம் நகரத்து அம்மன் கோயில் தேருக்குப் போனீர்களா? அங்கே உங்களைப் பார்த்ததாக ஞானேஸ்வரன் சொன்னார், அதனால் உயிரோடு இருக்கிறீர்கள் என்று தெரியும்.

உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். மாசியில் எழுதினதில் நீங்கள் பிள்ளையார் சுழி போடவில்லை. சின்ன வயதில் கணக்குக் கொப்பியில்கூட அது போடாமல் பேனை வைக்க மாட்டீர்கள். அன்றைக்கு வேறு யாருக்கோ எழுத அவசரமோ?

மிதுஷாவை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

ரஜனி


உ
எஸ்ஸன்
11.07.2004

தங்கை ரஜனிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. நாங்கள் இருக்கிறோம். இங்கே வெயில். கூரை சுடுகிறது.

கவுன்சில்காரர் சொன்னால் சொன்னதுதான். நீங்கள் மினக்கெட்டது வீணாகப் போனதை நினைத்துக் கவலைப்படுகிறோம். அத்தான் அழுதார். இரவு முழுக்க மாவோடு நிற்கிற மனிதர், அவர் அழுது நான் கண்டதில்லை. "எனக்கெண்டு இருட்டறை செய்தவையோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

மிதுஷா இங்கேயே ஏதாவது படிக்கட்டும். அவள் என்னோடு கதைப்பதில்லை. மாசி மாதம் தாளும் முத்திரையும் வாங்கித் தந்தவள் அவள்தான். எதற்கென்று நீயும் கேட்காதே, அவளும் கேட்காமல் இருந்திருக்கலாம்.

வயிற்றெரிச்சல் இல்லை. உன் சித்திரைக் கடிதம் வந்த அன்றோடு நின்றுவிட்டது. எரிவதற்கு உள்ளே ஒன்றும் மிச்சமில்லை போல. இப்போது சாப்பாடுதான் இறங்குவதில்லை.

எங்களைப் பற்றி இனி யோசிக்க வேண்டாம்.

சிவமலர்


உ
மிச்சம்
08.08.2004

அன்பான அக்கா,

சாப்பாடு இறங்கவில்லை என்றால் கஞ்சி வைத்துக் குடியுங்கள். வெறும் வயிற்றோடு இருந்தால் மறுபடி எரியத் தொடங்கும். நாங்கள் சுகம்.

கத்தரின் போன கிழமை வந்து பார்த்தார். யன்னல், சுவர், மணி எல்லாம் பழையபடி. திருப்தி. ஒழுங்காகக் கேட்டுச் செய்தால் கீழே ஒரு சின்னப் பாத்ரூமுக்கு அனுமதி கிடைக்கும், ஆனால் நாள் எடுக்கும் என்றார். மேலே வந்தவர் அடுப்படி மாபிளில் உள்ள கறையைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். என் அக்கா காய்ச்சின பால், எங்கள் வழக்கம் என்றேன். அதைச் சுரண்ட வேண்டாம், அப்படியே இருக்கட்டும், அதுவும் இனி இந்த வீட்டின் சரித்திரம்தான் என்றார். பார்த்தீர்களா, உங்களையும் லிஸ்ட் பண்ணியாகிவிட்டது.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். நாங்கள் மூன்று பேரும் கீழே இறங்கிவிட்டோம். எங்களில் ஒருவருக்கும் தொய்வு இல்லை, பழைய யன்னல் காற்றுக்கு ஒரு போர்வை கூடப் போட்டால் சரி. முதலாம் மாடி உங்களுக்கு. ஆளுயர யன்னல், சீலிங்கில் பூ, எல்லாம். அங்கே யன்னல்களின் பழைய உள்கதவுகளைச் சாத்தித் துணி அடைத்துப் பார்த்தோம், காற்று வரவில்லை. அத்தானுக்கு இருட்டும் ஆயிற்று. புரட்டாசியில் கொலிஜ் தொடங்குகிறது. மிதுஷாவுக்கு ஓர் இடம் கேட்டு இவர் எழுதிப் போட்டு, அது கிடைத்துவிட்டது.

நான் நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டிசக் கதை எனக்கு இன்னும் நெஞ்சில் முள்ளாகத்தான் குத்துகிறது. இவருக்குச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். சட்டைக் கதைக்குப் பதில் எழுதிக் கிழித்தேன் என்றேனே, அந்தப் பதில் இதுதான். உங்களுக்குப் புதுச் சட்டை தைக்கும்போதே, எப்போது இது அக்காவுக்குச் சின்னதாகும் என்று பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளை நான். நீங்கள் போட்டுக் கழித்ததை எல்லாம் போட்டேன். இப்போது நான் இருந்து பழகின அறையில் நீங்கள் வந்து இருங்கள். கணக்குச் சரி.

தேத்தண்ணி வேண்டுமென்றால் கைபிடியை இழுங்கள். கீழே அந்த ஒரு மணி இன்னும் அடிக்கிறது.

ரஜனி


உ
எஸ்ஸன்
22.08.2004

தங்கை ரஜனிக்கு,

கஞ்சி வைத்துக் குடித்தேன். இறங்கியது. அத்தான் சுகம். மிதுஷா நேற்று என்னோடு கதைத்தாள். "அம்மா, நீங்க வராட்டியும் நான் போவன்" என்றாள். அவ்வளவுதான், ஆனாலும் கதைத்தாள்.

உன் கடிதத்தை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. குளியலறையில் பூட்டிக்கொண்டு இருந்து வாசித்தேன். நீ என்னைத் திட்டி எழுதியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், என் ஆங்கிலத்தையும் தமிழையும் சேர்த்துத் திட்டியிருப்பேன். ஊருக்கே சொல்லியிருந்தால், வராமல் இருக்க ஒரு சாட்டுக் கிடைத்திருக்கும். நீ ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

வருகிறோம். அத்தான் வேலையை விட எழுதிக் கொடுத்துவிட்டார். ஆவணி முடியமுன்னம் ஞானேஸ்வரனின் வானில் சாமானோடு வந்து இறங்குவோம். பாத்ரூமுக்குக் கவுன்சிலைக் கேட்டு எழுத வேண்டும் என்றாயே, அதை நான் எழுதித் தருகிறேன். பெயர் போட்டு எழுதுவேன். பேஸ்மன்ட் என்றே எழுதுவேன்.

மணி மட்டும் அடிக்க மாட்டேன். தேத்தண்ணி வேண்டுமென்றால் நானே படியிறங்கி வருவேன், அந்தரத்தில் நிற்கிற அந்தப் படியில்.

ஒன்று சொல்ல வேண்டும் ரஜனி. எல்லாவற்றிலும் நான் முதல், நீ இரண்டாவது. நடந்தது, பேசியது, பள்ளிக்கூடம் போனது, கல்யாணம், பிள்ளை. வீட்டில் மட்டும்தான் நீ முந்தினாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது மன்னிக்கிறதிலும் முந்திவிட்டாய். நான் எழுதியிருந்தால் அந்தக் 'கணக்குச் சரி' என்ற வரியை இவ்வளவு வடிவாக எழுதியிருக்க மாட்டேன். அதை வாசித்த நேரம் தொடக்கம் எனக்கு மறுபடியும் வயிறு எரிகிறது.

டொக்டர் தந்த குளிசை இன்னும் மிச்சம் இருக்கிறது. அதையும் கட்டிக்கொண்டுதான் வருகிறேன்.

உன் அக்கா
மலர்